வால்வ மூடுனா சிங்கப்பூர் இருட்டாயிடுமா?

"நாம வால்வ மூடுனா போதும், சிங்கப்பூர் இருட்டு." மலேசியாவுலேர்ந்து சிங்கப்பூருக்கு கேஸ் போற பைப்ப பத்தி நேத்து குரூப்ல வந்த அந்த வாய்ஸ் மெசேஜுக்கு எத்தனை பேரு கைத்தட்டுனீங்க! கேட்டதுலேர்ந்து பசியாறக்கூட மனசு வரல. என் தங்கச்சி சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கா, சின்னப் புள்ளைங்க ரெண்டு.

அவங்க மண்ணுல கேஸ் இல்ல, கரண்டுல சுமார் 95 விழுக்காடு கேஸ்லதான் வருது, எல்லாம் உண்மை. அதனாலதான் ஒரே வாசல நம்பி உக்காரல. 1992ல நம்ம மலேசியா பைப்பு, 2001ல இந்தோனேசியாவோட மேற்கு நத்துனா, 2003ல தெற்கு சுமத்ரா, அதுவும் பத்தாதுன்னு 2013ல ஜூரோங் தீவுல எல்என்ஜி, அதாவது திரவமாக்குன கேஸ், இறக்குற டெர்மினல். கேஸ மைனஸ் 162 டிகிரிக்கு குளிர வச்சா அறுநூறுல ஒரு பங்கா சுருங்கிடும், கப்பல்ல ஏத்தி எங்கேர்ந்து வேணாலும் கொண்டு வரலாம். இதுல எந்த வால்வ மூடுவீங்க?

செந்தூல் பிளாட்ல எங்கம்மா எப்பவும் ரெண்டு கேஸ் தோம்பு வச்சிருப்பாங்க. ஓடுறத அப்பப்ப சாய்ச்சு ஆட்டிப் பாப்பாங்க, இன்னொண்ணு சீல் பிரிக்காம மூலையில நிக்கும். அப்பா சம்பளம் லேட்டான மாசத்துலகூட அத விக்க விடல. சமையல் கேஸ் வேற, அது வேறன்னு கமெண்டுல வராதீங்க, தெரியும். இல்லாதவங்களுக்குத்தான் அந்த பயம் புரியும்.

காசு கொட்டுதேன்னு கேப்பீங்க. ஆமா, கொட்டுது. 2021 கடைசியில உலக விலை எகிறி, இந்தோனேசியா பைப்புலயும் வரத்து கொறைஞ்சப்போ அங்க கரண்டு விக்கிற சில கம்பெனிங்க கடைய மூடுச்சு, தங்கச்சி வீட்டுக்கு கரண்டு குடுத்த கம்பெனியும் போயிடுச்சு, பில்லு ஏறுச்சுன்னு அழுதா. ஆனா லைட்டு அணையல. அப்பவும் கையிருப்புக்குன்னு எல்என்ஜி தனியா ஒதுக்கி வச்சாங்க.

"நம்மகிட்டதான் நெறைய இருக்கே"ன்னு நெஞ்ச நிமிர்த்துறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நம்ம பெரிய எல்என்ஜி ஆலை இருக்கிற பிந்துலு சரவாக்ல இருக்கு, நடுவுல கடல், அங்கேர்ந்து தீபகற்பத்துக்கு பைப்பு கிடையாது. அதே 2013ல மலாக்கா சுங்கை ஊடாங்ல நாமளும் எல்என்ஜி இறக்க டெர்மினல் தொறந்தோம், 2017ல பெங்கெராங்ல இன்னொண்ணு. கப்பலுக்கு காத்திருக்கிறது நாமளும்தான், பிறகு எதுக்கு இந்த வால்வு பேச்சு?

பக்கத்து வீட்டு அடுப்பு அணையணும்னு நாம எப்ப ஆசப்பட ஆரம்பிச்சோம்? காலையில ஜொகூர் காஸ்வே பாலத்த தாண்டி அங்க வேலைக்குப் போறது யாரு, நம்ம புள்ளைங்கதானே?

அந்த மெசேஜ போட்ட அண்ணன் தயவு செஞ்சு அழிச்சிடுங்க. என் தங்கச்சியும் அந்த குரூப்லதான் இருக்கா. கேட்டுட்டா. நேத்து ராத்திரிலேர்ந்து ஒண்ணுமே போடல.