200 சதவீதமாம்!

நேற்று இரவு நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்கு இந்நேரம் ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். "நம் ஏரியாவில் குற்ற விகிதம் 200 சதவீதம் கூடிவிட்டது" என்று சிவப்பு எழுத்தில் அறிவிப்பு. அதற்குக் கீழேயே கேட்டோரம் பைக்கில் சாய்ந்து நின்ற ஒரு பையனின் படம். "உஷார்." அவ்வளவுதான். அவன் யார், எதற்கு நின்றான் என்று கேட்ட ஒரே ஆளுக்கு, அதாவது எனக்கு, "திருடனுக்கு வக்கீல்" என்று பட்டம். கைதட்டும் எமோஜிகள் வேறு.

சரி, வக்கீலாகவே பேசுகிறேன்.

போன வருடம் ஒரு திருட்டு, இந்த வருடம் மூன்று. இதுதான் அந்த 200 சதவீதம். கணக்கில் தப்பே இல்லை. அந்த மூன்றில் ஒன்று, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு மாடிக்குப் போனவருடைய ஸ்கூட்டர். இன்னொன்று, கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததா என்றே யாருக்கும் நிச்சயமில்லாத ஒரு பார்சல். மூன்றாவது ஒரு குழந்தையின் சைக்கிள். அது திருட்டுதான், மறுக்கவில்லை, அந்தப் பிள்ளை அழுததை நானும் பார்த்தேன். ஆனால் குற்ற விகிதம் என்பதை லட்சம் பேருக்கு இத்தனை என்று போடுவதற்குக் காரணம் இருக்கிறது. சில நூறு வீடுகளை வைத்துக்கொண்டு சதவீதம் போட்டால், ஒரு சைக்கிள் காணாமல் போனாலே கோடு வானத்துக்கு ஏறும். அடுத்த வருடம் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் "100 சதவீதம் ஒழிந்தது" என்று இதே சிவப்பு எழுத்தில் போடுவீர்களா? மாட்டீர்கள். பயம் கூடுகிற கணக்குக்குத்தான் இங்கே ஃபார்வர்டு.

இது நம் குரூப்பின் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1993க்கும் 2022க்கும் இடையில் வன்முறைக் குற்ற விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் கேலப் கருத்துக்கணிப்பு கேட்டபோதெல்லாம், அனேகமாக ஒவ்வொரு முறையும், "நாட்டில் குற்றம் போன வருடத்தைவிடக் கூடிவிட்டது" என்றுதான் பெரும்பான்மையோர் சொன்னார்கள். குற்றம் ஒரு பக்கம் போகிறது, பயம் இன்னொரு பக்கம் போகிறது. நாம் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பது பயத்தை.

"உன் வீட்டில் நடந்திருந்தால் தெரியும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நடந்திருக்கிறது சார். முன்பு வாடகைக்கு இருந்த வீட்டில். அலமாரி இழுப்பறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. விசாரிக்க வந்த காவலர்தான் சொன்னார்: கைதேர்ந்தவன் கீழிருந்து மேலே திறந்துகொண்டு போவான், மேலிருந்து வந்தால் ஒவ்வொன்றையும் மூடினால்தானே அடுத்ததைப் பார்க்க முடியும். பின்பக்க ஜன்னலின் கொக்கி வளைந்துபோய், சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். மாற்றித் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் அதற்கு முன்பே பலமுறை கேட்டாயிற்று. திருட்டு நடந்த பிறகும் கேட்டேன். "ஒரு தடவை வந்தவன் மறுபடியுமா வரப்போறான்?" என்றார்.

வந்தான். அதே ஜன்னல் வழியாக.

அப்போது தெருவே கூடி என்ன பேசியது தெரியுமா? கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த அக்காவைப் பற்றித்தான் பேச்செல்லாம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். "அவங்களைக் கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்களேன்" என்று அவர் காதில் விழும்படியே சொன்னார்கள். நாங்கள் எவ்வளவோ சொல்லியும் அடுத்த வாரத்திலிருந்து அவர் அந்தத் தெருவுக்கே வருவதை நிறுத்திவிட்டார். பிறகு பிடிபட்டவனுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பேசிய யாரும் அவரைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு முறை திருட்டுப் போன வீட்டுக்கே மறுபடி ஆபத்து அதிகம், அதுவும் சீக்கிரத்திலேயே. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் ராச்டேலில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980களில் இதை வைத்துத்தான் வேலை செய்தார்கள். ஏற்கெனவே திருட்டுப் போன வீடுகளை முதலில் கவனித்தார்கள்: பூட்டைப் பலப்படுத்தினார்கள், திருடர்கள் குறிவைத்த, காசு போட்டு ஓடும் மின்சார, எரிவாயு மீட்டர்களை எடுத்தார்கள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களை அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொன்னார்கள். சில வருடங்களில் வீடு புகுந்து திருடுவது பாதிக்கும் கீழே இறங்கியது. யார் படத்தையும் ஒட்டவில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் போலீஸுக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989ல் வெளியிட்டார்கள். பாதி அழைப்புகள் வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து. "ஏரியாவே கெட்டுப்போச்சு" என்று யாராவது சொன்னால் எந்த மூலை, எந்த நேரம் என்று கேளுங்கள். பதில் வராது.

"அப்போ கேமரா வேண்டாமா?" வையுங்கள், நான் எங்கே வேண்டாம் என்றேன்? 40 வருட ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் பார்த்தபோது, கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைவு. வண்டி நிறுத்துமிடத்தில் நல்ல பயன், வன்முறைக் குற்றத்தில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. "எல்லாத் திருட்டும் போலீஸ் கணக்கில் வருவதில்லையே" என்று இன்னொருவர். இது நியாயமான கேள்வி. அதனால்தான் சில நாடுகளில் மக்களிடமே நேரில் கேட்டுத் தனிக் கணக்கு எடுக்கிறார்கள். நாமும் வீடு வீடாகக் கேட்கலாம், நானே வருகிறேன். "முன்னெச்சரிக்கை தானே, இதில் என்ன தப்பு?" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, உங்கள் மகன் படத்தை வேறொரு குரூப்பில் பார்க்கும் நாளில் பேசிக்கொள்ளலாம்.

அந்தப் பையன், சி பிளாக்கில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை அழைத்துப்போக வந்தவன். இதைச் சொன்ன பிறகும், "இருந்தாலும்..." என்று ஆரம்பித்தார்கள் பாருங்கள், அந்த "இருந்தாலும்"தான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. பைக்கில் சாய்ந்து நிற்பது குற்றமா? கார் கதவில் சாய்ந்து நின்றிருந்தால் யாராவது போனை எடுத்திருப்பார்களா? எங்கள் வீட்டு அக்காவுக்கு அன்று நடந்ததைப் பார்த்தவன் நான். இன்றைக்கு அதற்கு ஒரு போனும் ஒரு குரூப்பும் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இரண்டாவது கேட் போடுவது பற்றிப் பேச்சாம். பின்பக்கப் பாதையில் விளக்கு எரிந்து எத்தனை காலமாயிற்று என்று நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி இல்லை. நியூயார்க்கில் அரசுக் குடியிருப்புகளில் 2016ல் தற்காலிக விளக்குக் கம்பங்களை நிறுத்திப் பார்த்தார்கள். வெளிப்புறத்தில் இரவில் நடக்கும் பெரிய குற்றங்கள் ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்தன. நமக்கு ஒரு பல்பு மாற்ற ஆள் இல்லை, பையன்களைப் படம் பிடிக்க ஐம்பது பேர் இருக்கிறோம்.

கூட்டத்துக்கு வருவேன். விளக்குக்கு என் பங்கை அங்கேயே தருகிறேன். கேட்டுக்குத் தர மாட்டேன். இதற்காகக் குரூப்பிலிருந்து எடுப்பதென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.