ஒரு வாரம் தங்கினா பழகிடுமா?
ஒரே ஊர்ல ஒரு வாரமாச்சும் தங்கினாதான் அங்க இருக்கிறவங்களோட பழக முடியும்னு பயணம் பத்தின ஒரு கட்டுரைல படிச்சேன், எனக்கு அப்படித் தோணல. மலை ஊர் ஒண்ணுல எட்டு நாள் தங்கிட்டு வந்தேன், வைஃபை பாஸ்வேர்டு கேக்க மேனேஜர்கிட்ட பேசினத தவிர ஒருத்தர் முகமும் ஞாபகத்துல இல்ல. ஆனா 2019ல திருவாரூர் - காரைக்குடி ரயில் அகலப்பாதையாகி மறுபடி ஓட ஆரம்பிச்ச புதுசுல ஒரே ஒரு தடவ போனேன், 150 கிலோமீட்டர் கூட இருக்காது, ஆறு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஏன்னா அப்போ நெறைய லெவல் கிராசிங்ல கேட் கீப்பரே இல்ல, ரயில்லயே வர்ற ஆள் இறங்கிப்போய் கேட்ட மூடணும், வண்டி தாண்டினதும் திறந்துவிட்டுட்டு வந்து ஏறணும். மொதல்ல எரிச்சலாதான் இருந்துச்சு. முத்துப்பேட்டை தாண்டறதுக்குள்ள எதிர் சீட்டு பேராவூரணி பெரியவர் கஜா புயல்ல விழுந்த தன்னோட தென்னைங்கள பத்தி பேச ஆரம்பிச்சிட்டார், புதுசா நட்ட கன்னு காய்க்க அஞ்சாறு வருசம் ஆகுமாம், "அதுவரைக்கும் நான் இருக்கணுமேப்பா"ன்னு சிரிக்கிறார், அதுக்குள்ள அவங்க வீட்டம்மா புளிசாதப் பொட்டலத்த பிரிச்சு கைல குடுத்துட்டாங்க. பழகறதுக்கு மொழி தெரியணும்னு அந்தக் கட்டுரைக்குக் கீழ கமெண்ட்ல ஒருத்தர் சொல்லியிருக்கார், அந்த மலை ஊர்லயும் தமிழ்தான் சார் பேசுறாங்க, எட்டு நாள்ல என்ன நடந்துச்சு? அதுக்காக எல்லாருக்கும் இப்படி அமையும்னு சொல்ல வரல, பட்டுக்கோட்டைல ஏறின ஒரு தம்பி அறந்தாங்கி வர்ற வரைக்கும் காதுல இருந்த ஹெட்போன கழட்டவே இல்ல.