பனிக்கரடி வேட்டை எல்லாமே திருட்டு வேட்டை அல்ல

"பனிக்கரடி வேட்டையை 1973லேயே உலகம் தடை செய்துவிட்டது, அலாஸ்கா பழங்குடிகள் செய்வது திருட்டு வேட்டை, அரசு கண்டுகொள்வதில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. 1973இல் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தமே உள்ளூர் மக்களின் மரபு வேட்டைக்கு விலக்கு அளிக்கிறது. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிகள் சட்டமும் அப்படித்தான்.

கண்டுகொள்ளாமலும் இல்லை. அலாஸ்காவில் கரடியை வீழ்த்தியவர் 30 நாட்களுக்குள் தோலையும் மண்டையோட்டையும் அரசின் பிரதிநிதியிடம் கொண்டுவந்து முத்திரை வாங்க வேண்டும். அப்போது ஒரு சிறு பல்லைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். மரத்தின் வளையங்களைப் போல அதிலுள்ள வளையங்களை எண்ணி வயதைக் கணிப்பார்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பிடித்தது: அலாஸ்காவுக்கும் கனடாவுக்கும் வடக்கே உள்ள தெற்கு பியூஃபோர்ட் கடலில் குட்டியோடு திரியும் தாயையும் குகையிலிருக்கும் கரடியையும் தொடக் கூடாது என்ற விதி, 1988இல் அலாஸ்காவின் இனுபியாட், கனடாவின் இனுவியாலுயிட் என்ற இரு பழங்குடி மக்களும் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையில் இருக்கிறது. வாஷிங்டனும் ஒட்டாவாவும் போட்ட ஒப்பந்தம் அல்ல அது. அரசு ஆய்வாளர்கள் ஆலோசகர்கள் மட்டுமே.

2008இல் அமெரிக்கா பனிக்கரடியை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்ததற்குச் சொன்ன முதன்மைக் காரணமும் வேட்டை அல்ல, கடற்பனி உருகுவது.