ஸ்ரீநகரில் படை இறக்கியது விமானப்படை மட்டுமா?

1947 காஷ்மீர் போரில் ஸ்ரீநகருக்குப் படையைக் கொண்டுபோனது முழுக்க விமானப்படைதான், பயணிகள் விமானத்துக்குப் போரில் என்ன வேலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. அக்டோபர் 27 காலையில் லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய் தலைமையில் முதலாம் சீக்கியப் பட்டாலியன் டெல்லியிலிருந்து கிளம்பியபோது, விமானப்படையிடம் இருந்த டகோட்டா போக்குவரத்து விமானங்கள் போதவே போதாது என்பதால் அரசு தனியார் கம்பெனிகளின் டகோட்டாக்களையும் அவசரமாகக் கேட்டு வாங்கி ஓட்டியது, அதில் பல விமானங்களை ஓட்டியவர்கள் சிவிலியன் பைலட்டுகள். இதில் பெரிய அதிசயமும் இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட டகோட்டாக்களை மலிவாக வாங்கித்தான் அன்றைய ஏர்லைன்ஸ்களில் பல தொழிலே தொடங்கின, சீட்டைக் கழற்றினால் பழையபடி சரக்கு விமானம்தானே.

அப்புறம் ஸ்ரீநகரின் அந்த ஓடுதளம். தார் போடாத மண் தரை, ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் புழுதி கிளம்பும், வெடிமருந்தோடு அதில் இறங்குவது விளையாட்டா? விமானப்படையின் பங்கை நான் குறைக்கவில்லை. டெம்பெஸ்ட், ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களின் தாக்குதல் இல்லாமல் காஷ்மீர் பள்ளத்தாக்கு தப்பியிருக்காது. ஆனால் “மட்டும்” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.