கொட்டகைச் சுவரும் இருபது யானையும்

(அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், 1884 கோடைக்காலம். ரயில் பாதையோரம் ஒரு பண்ணை. சர்க்கஸ் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.)

விவசாயி: யாருப்பா அது, என் கொட்டகையை நாடா வச்சு அளக்குறது? விலைக்கு வாங்கப் போறியா?

ஒட்டுறவர்: ஒட்டப் போறேன், பெரியவரே. சர்க்கஸுக்கு முன்னால ஓடுற விளம்பர ரயில்பெட்டியில வந்திருக்கேன். இந்தச் சுவர் ரயிலைப் பாத்து நிக்குது பாருங்க, 24 தாள் போஸ்டர் கச்சிதமா உட்காரும்.

விவசாயி: 24 போஸ்டரா? ஜன்னலையும் சேத்து மூடிருவியே!

ஒட்டுறவர்: படம் ஒண்ணுதான், 24 துண்டா வரும். ஒரு தாள் 28க்கு 42 அங்குலம். வரிசைக்கு ஆறு, நாலு வரிசை. 20 அடி நீளம், 9 அடி உசரம்.

விவசாயி: வாளியில என்ன, கஞ்சியா?

ஒட்டுறவர்: பசை. கோதுமை மாவைப் பீப்பாயில கரைச்சு, பெட்டியில இருக்கிற கொதிகலன்ல இருந்து நீராவியை உள்ள விட்டா வெந்துரும். கட்டி தட்டினா தாள் புடைக்கும். நீர்த்துப் போச்சுன்னா மறுநாளே மொத்தமும் உரிஞ்சு உங்க சோளக்கொல்லையில கிடக்கும்.

விவசாயி: மாவுன்னா என் ஆடு விடாதே!

ஒட்டுறவர்: அதுக்கு எட்டாத உசரத்துல ஆரம்பிக்கிறேன். முதல்ல தூசி தட்டணும். அப்புறம் சுவருக்குப் பசை, அதுமேல தாள், தாளுக்கு மேலயும் ஒரு பூச்சு. கீழ் வரிசையில தொடங்கி மேல போகணும். ஓடு வேயுற மாதிரி, மேல் தாளோட விளிம்பு கீழ்த் தாள் மேல படியணும். தலைகீழா ஒட்டினா மழைத்தண்ணி இடுக்குல புகுந்து கழட்டிவிட்டுரும்.

(ஒட்டி முடிகிறது.)

விவசாயி: பதினெட்டு, பத்தொம்பது, இருபது! ஏ அப்பா, இருபது யானையா வருது?

ஒட்டுறவர்: படத்துல இருபது.

விவசாயி: உங்ககிட்ட?

ஒட்டுறவர்: முன்னாடி நிக்குதே, அது.

விவசாயி: மிச்சம் பத்தொம்பது?

ஒட்டுறவர்: அதே யானைதான், வேற வேற நேரத்துல.

விவசாயி: இரு, இரு. போன வருஷம் வேற கம்பெனி ஒட்டின போஸ்டர்லயும் இதே யானை. வாலு இதே மாதிரி வளைஞ்சிருந்துச்சு.

ஒட்டுறவர்: உங்க கண்ணுக்குத் தப்பாது போல. பெரிய கம்பெனின்னா சின்சினாட்டி ஸ்ட்ரோபிரிட்ஜ் அச்சகத்துல தனியாப் படம் போடச் சொல்லுவான். படத்தைக் கல்லுல வரைஞ்சுதான் தாள்ல அடிப்பாங்க, நிறத்துக்கு ஒரு கல்லு வேணும், செலவு தாங்காது. எங்களை மாதிரி ஆளுங்க அச்சகத்துல தயாரா இருக்கிற படத்தை வாங்கி, கம்பெனி பேரை மட்டும் அடிச்சுக்குவோம். தேதி தனிச் சீட்டு. அது ஊரு மாறி ஒட்டிட்டா செத்தோம், சனம் குடும்பத்தோட வந்து வெறும் மைதானத்தைப் பாத்துட்டுப் போகும்.

விவசாயி: வெள்ளை யானை, வெள்ளை யானைன்னு பேப்பர்ல போடுறானே, அதாவது நெசமா?

ஒட்டுறவர்: பெரிய சர்க்கஸ் முதலாளி பார்னம் பர்மாவுல இருந்து வரவழைச்சது நெசமான வெள்ளை யானை. அதனால பாக்கச் சாம்பலா இருந்துச்சு, அங்கங்க இளஞ்சிவப்புத் திட்டு. அவரோட போட்டி சர்க்கஸ்காரர் ஃபோர்பா கொண்டு வந்தது பொய். அதனால பளிச்சுனு இருந்துச்சு.

விவசாயி: சுண்ணாம்பா?

ஒட்டுறவர்: ஏதோ பூச்சு. ஆனா காசு குடுத்து வந்தவன் கண்ணுக்கு வெள்ளையாத் தெரிஞ்சது அதுதானே! பார்னம் சும்மா இருப்பாரா? மே 17ஆம் தேதி நியூயார்க்ல புரூக்ளின் பாலத்து மேல 21 யானையை நடத்திட்டார். பாலம் திடமா இருக்கான்னு சோதிச்சாராம். ஒரு கரண்டிப் பசை செலவில்லை, பேப்பர் பேப்பரா அதே பேச்சு. நாங்கெல்லாம் வாளியைத் தூக்கிட்டு எங்க போறது?

விவசாயி: அந்த 21-ம் வேற வேற நேரத்துல வந்த ஒரே யானையோ?

ஒட்டுறவர்: இல்லீங்க, அது நெசமாவே 21. வயித்தெரிச்சலே அதுதான். சரி, இந்தாங்க, சுவருக்கு ரெண்டு இலவசச் சீட்டு. அன்னைக்குக் காலைல ஊர்வலம் இருக்கு, அதுக்குக் காசில்லை. குதிரையை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்குங்க. காலியோப் வரும், நீராவியில ஊதுற விசில் வரிசை. ஆவி குறைஞ்சா சுருதியும் இறங்கிரும், ஆனா சத்தம் பக்கத்து ஊருக்கே கேக்கும்.

விவசாயி: அதை முன்னால விட்டா நல்லா எடுப்பா இருக்குமே?

ஒட்டுறவர்: பின்னால வர்ற குதிரை பூரா மிரண்டு ஓடும். கடைசியில விட்டா, சனம் அது பின்னாடியே கூடாரம் வரைக்கும் வந்துரும். ஆங், ஒரு விஷயம். சரிபாக்க எங்க ஆள் வருவார். போஸ்டர் கிழிஞ்சிருந்தாலோ, மறைஞ்சிருந்தாலோ சீட்டு செல்லாது.

விவசாயி: அவரு எப்ப வருவாரு?

ஒட்டுறவர்: ரெண்டு வாரம் கழிச்சு, வியாழக்கிழமை.

விவசாயி: சரி. நேத்து வந்த இன்னொரு கம்பெனிக்காரனை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிடறேன்.

ஒட்டுறவர்: அய்யய்யோ, அவன் எங்க போஸ்டர் மேலயே ஒட்டிருவானே!

விவசாயி: ஒட்டட்டுமே தம்பி. யானை அதேதானே இருக்கப் போகுது?