பீரோ கைப்பிடியையும் எழுதுங்கள்

பூட்டை உடைத்து நுழைந்தவனின் நோக்கத்தைத் தனியாக வேறு நிரூபிக்க வேண்டுமா என்று நான் படித்த ஒரு கட்டுரை கேட்கிறது. கட்டாயம் வேண்டும். இரவில் வீட்டை உடைத்து நுழைந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) பிரிவு 331(2)இன்படி அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. சிறைத் தண்டனைக்குரிய குற்றம் செய்யவே நுழைந்தான் என்றால் 331(4)இல் 5 ஆண்டு, அது திருட்டு என்றால் 14 ஆண்டு வரை. அந்த இடைவெளி முழுக்க நோக்கத்தில்தான் இருக்கிறது.

எங்கள் தெருவில் நடந்த ஒரு வழக்கில் நான் மகஸர் சாட்சி; அதாவது, சம்பவ இடத்தில் கண்டதைப் போலீஸார் எழுதும் பதிவுக்குச் சாட்சி. எதுவும் களவு போகவில்லை. அதனால், திருட்டு நடந்த சற்று நேரத்திலேயே அந்தப் பொருள் ஒருவன் கையில் இருந்தால், அவன் திருடன் அல்லது தெரிந்தே அதை வாங்கியவன் என்று நீதிமன்றம் அனுமானிக்கும் வழியும் இல்லை. மகஸரில் "பின்கதவு சேதம்" என்று மட்டும் போலீஸார் எழுதியிருந்தார்கள். பீரோ கைப்பிடி நெம்பி வளைந்திருந்ததே, அதையும் சேருங்கள் என்று நான்தான் வற்புறுத்தினேன். அப்புறம் விசாரணையில், குடிபோதையில் வீடு மாறிப் போய்விட்டான் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. சரி, வீடு மாறி வந்தவன் பீரோவை எதற்கு நெம்பினான்? அரசு வழக்கறிஞருக்குக் கேட்க இருந்த கேள்வி அது ஒன்றுதான். நல்லவேளை, கேட்டார்.