பதிலுக்குக் காத்திருக்கத் தெரிந்த குழுக்கள்

இணையத்தில் நல்ல குழு எங்கே கிடைக்கும் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஓர் எதிர்க்கேள்விதான் கேட்பேன்: அந்தக் குழுவில் என்ன வேலை நடக்கிறது?

பேச்சு மட்டுமே நடக்கும் குழுக்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பள்ளித் தோழர்கள் குழு, குடியிருப்போர் குழு, இலக்கிய ஆர்வலர் குழு. முதல் வாரம் நெகிழ்ச்சியாக இருக்கும். பிறகு ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம், கலாம் சொன்னதாக அவர் சொல்லாத பொன்மொழி, தேர்தல் நேரத்துச் சண்டை, நாலு பேர் வெளியேற்றம். அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். நடுவில் வைத்துச் சேர்ந்து செய்வதற்கு ஒரு காரியம் இல்லாததால், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அப்படி எவ்வளவு நேரம்தான் சுமுகமாக இருக்க முடியும்?

நான் மனம் ஒன்றிப் போகும் இடம் தமிழ் விக்கிமூலம், விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான இணைய நூலகம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களும் அங்கே படங்களாக ஏற்றப்பட்டிருக்கின்றன. திரையின் ஒரு பக்கம் நூலின் படம், மறுபக்கம் கணினி அதிலிருந்து எடுத்துக் கொடுத்த எழுத்து. கணினி துணைக்காலை ரகரமாகப் படிக்கும், ரகரத்தைத் துணைக்காலாகப் படிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் கேட்கவே வேண்டாம். யானைத் தும்பிக்கையைப் போல வளைந்த ஐகாரக் குறியுடன் லை, னை வரும் வரிகளில் அது தடுமாறிப்போகும். ஒருவர் வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினால் பக்கத்தின் நிறம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும். அதைப் பச்சையாக்க வேண்டுமானால் இன்னொருவர் வந்து மறுபடியும் பார்க்க வேண்டும். திருத்தியவரே பச்சையாக்கிக்கொள்ள அந்த அமைப்பு அனுமதிக்காது. முன்பின் அறியாத இரண்டு பேரை ஒரே பக்கத்தை நிதானமாகப் படிக்க வைக்கும் இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

அங்கே ஐயங்களைக் கேட்டுக் கலந்து பேசுவதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கம் ஒன்றில் படித்த உரையாடல் இது. இளைஞர் ஒருவர் கேட்கிறார்: “ஐயா, நூலில் ‘சுவற்றில்’ என்று அச்சாகியிருக்கிறது. ‘சுவரில்’ என்று மாற்றிவிடட்டுமா?” மறுநாள் மாலை பதில் வருகிறது: “வேண்டாம் தம்பி. உள்ளதை உள்ளபடி விடுவோம். ஆசிரியரே அப்படி எழுதினாரா, அச்சுக் கோத்தவர் கைதவறியதா என்று நமக்குத் தெரியாதல்லவா?” அதற்குக் கீழே ஒரு நன்றி. அவ்வளவுதான். யாரும் யாரையும் மட்டம்தட்டவில்லை. கேட்டவர் ஒரு முழு நாள் காத்திருந்தார். அந்த நாளில் அவர் வேறு பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த ஆண்டு இதே ஐயம் இன்னொருவருக்கு வந்தால், தேடினால் அந்தப் பதில் கிடைக்கும்.

இது புதிதும் அல்ல. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் ஊதியமில்லாமல் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். ஒருங்கிணைத்த கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். மின்னஞ்சலில் அனுப்பி, மெய்ப்புப் பார்த்து, திருப்பி அனுப்பி, சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நூல்கள் வரை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்றுபோல் உடனுக்குடன் பேச வழியில்லாத காலத்தில்தான் அவ்வளவும் நடந்தது.

வாட்ஸ்அப்பில் 2014இல் நீலக் குறி வந்ததிலிருந்து, பார்த்துவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்ற எழுதப்படாத சட்டமும் வந்துவிட்டது. தனி உரையாடல்களில் அதை நிறுத்திவைக்கலாம், நான் நிறுத்திவிட்டேன். குழுக்களில் நிறுத்த முடியாது. குரல் பதிவைக் கேட்டுவிட்டீர்கள் என்பதையும் மறைக்க முடியாது. அவசரம் பழகிய கை, படிக்காமலே அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைக் குழந்தை கடத்துபவர்கள் என்று நினைத்து அடித்து, ஒரு மூதாட்டியைக் கொன்றார்கள். அதற்கு முன்பு பல நாட்களாக வாட்ஸ்அப்பில் அந்த வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. நாட்டில் வேறு பல இடங்களிலும் இப்படி உயிர்கள் போன பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். விரலுக்குக் கடிவாளம் நாம் போட்டுக்கொள்ளவில்லை, நிறுவனம் போட வேண்டியிருந்தது. எனக்கு இது இன்றும் ஆறாத வருத்தம்.

குடும்பக் குழுவை விட்டு வெளியேறு என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதை வேறு கணக்கில் வைக்க வேண்டும். எங்கள் குழுவில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்த செய்தி, மூட்டுவலிக்குப் பிரண்டை வைத்தியத்துக்கும் பிரதோஷ வாழ்த்துக்கும் நடுவில் வந்தது. பாதிப்பேர் கவனிக்கவே இல்லை. கவனித்தவர்கள் கைகூப்பும் படம் போட்டார்கள். அத்தையோ அன்று முழுவதும் யாராவது கூப்பிடுவார்களா என்று போனைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம்: உடம்புக்கு முடியவில்லை என்ற செய்தி என்றால் குழுவில் எழுதக் கூடாது, போன் செய்து சொல்ல வேண்டும். குழுவின் ஒலியை நிறுத்திவிட்டு இரவில் ஒருமுறை மட்டும் பார்க்கிறேன். உறவில் ஒரு குறையும் வரவில்லை. பெரியப்பாவிடம் முன்பைவிட அதிகமாகவே பேசுகிறேன்.

படிப்பில் நாட்டம் இல்லாதவர்களுக்கும் இடம் உண்டு. பறவைகள் பிடிக்குமென்றால், ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை ஈபேர்டு தளத்தில் பதிந்தால் போதும். அரிய பறவை என்று பதிந்தால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று விவரம் கேட்பார்கள். அப்படிக் கேட்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதவர்கள் கூடும் இடம் எனக்கு நல்ல இடம். புதியவரின் முதல் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே ஒரு குழுவின் குணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

விக்கிமூலத்துக்கு வர விரும்புகிறவர்கள் கணக்குத் தொடங்க மின்னஞ்சல் முகவரிகூடக் கட்டாயமில்லை. தொடக்கத்தில் கவிதை நூல்களை எடுக்காதீர்கள், அடிகளைப் பிரிக்கும் குறியீடுகள் குழப்பும். கட்டுரை நூல் ஒன்றை எடுத்து, அதில் ஏற்கெனவே மஞ்சளான ஒரு பக்கத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயம் வந்தால் பேச்சுப் பக்கத்தில் எழுதி, இறுதியில் நான்கு அலைக்குறி (~~~~) இடுங்கள், உங்கள் பெயரும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். பதில் வர இரண்டு நாள் ஆகலாம்.